ஒருவருக்குப் பத்துப் பாகை

ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் கந்தையா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் முந்நூற்று அறுபதை முப்பத்தொன்பதால் வகுத்துக்கொண்டிருந்தேன். வகுபடவில்லை. இந்த வருஷம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் இறந்தவர்கள் முப்பத்தொன்பது பேர். அவர்களை ஒரு வட்டத்துக்குள் பங்கிட்டு வரைந்து கொடுப்பது ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிராணியாகிய என் வேலை. காலை பத்து மணி இருக்கும். ஜில்லா ஆஸ்பத்திரிக்கு ஆள் ஏற்றிப் போகும் மாட்டுவண்டிக்காரர் முனுசாமி ஆபீஸ் வாசலில் வந்து நின்று, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். வெயிலிலும் மழையிலும் அந்தத் துண்டை அவிழ்க்காத மனிதர். அவிழ்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. "டிரெஸ்ஸரய்யா விடியக்கால போயிட்டாருங்க" என்றார். நான் பேனாவைக் கீழே வைத்தேன். வண்டியில் அவருடைய குடை இருக்கிறது, யாரிடம் கொடுப்பது என்று முனுசாமி கேட்டார். நான் வாங்கி ஆபீஸ் சுவரில் சாத்தி வைத்தேன்.

யாழ்ப்பாணத்தார் வழக்கப்படி முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு. அன்று வருகிறவர்கள் கையில், இறந்தவரைப் பற்றிப் பாடி அச்சிட்ட சிறு புத்தகம் ஒன்றைக் கொடுப்பார்கள். அதைக் கல்வெட்டு என்பார்கள். ஈப்போ பக்கம் சிலிபினில் இருக்கும் கந்தையாவின் அத்தான், ரயில்வேயில் வேலை பார்ப்பவர், பாட்டு எழுத ஆள் கிடைத்துவிட்டது, கூட வேலை செய்தவர் நீங்கள், வசனத்தில் இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள் என்று கேட்டார். என் கையெழுத்தையும் என் தமிழையும் அவர் நம்பினார். இந்தத் தோட்டத்தில் என் கையெழுத்தை நம்பாதவர்கள் கிடையாது. வினையே அதில்தான் வந்தது. இதைப் படித்துவிட்டு அவர் அச்சுக்குக் கொடுக்க மறுக்கலாம். மறுத்தால் அன்று எல்லார் முன்னாலும் நானே எழுந்து வாசித்துவிடுவதென்று இருக்கிறேன்.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வயது முப்பத்திரண்டு. என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். மெலிந்த உடம்பு, நீளமான விரல்கள், எப்போதும் கறுப்புக் குடை. ரப்பர் விலை விழுந்து பாதி ஆட்களை ஊருக்குக் கப்பலேற்றி அனுப்பிய வருஷத்தில், எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு டிரெஸ்ஸராக வந்தார். டாக்டர் மாதத்துக்கு இரண்டு முறை வருவார்; மற்ற நாளெல்லாம் கந்தையாதான் டாக்டர், கம்பவுண்டர், சில சமயம் வெட்டியான். வந்த முதல் வாரமே என் மேஜைக்கு வந்து, இறந்தவர்கள் பட்டியலில் வயது எழுதியிருக்கிறீர்கள், நோய் எழுதியிருக்கிறீர்கள், எந்த லயத்தில் குடியிருந்தார்கள் என்று ஏன் எழுதவில்லை என்று கேட்டார். கட்டம் இல்லை என்றேன். மறுநாள் ஸ்கேலும் சிவப்பு மையும் கொண்டு வந்து என் புத்தகத்தில் கட்டம் போட்டுவிட்டுப் போனார். எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

அந்தக் கட்டம் நிரம்ப நிரம்ப, எல்லாருக்கும் தெரிந்து யாரும் சொல்லாமலிருந்த ஒன்று எழுத்தில் வந்தது. சாகிறவர்களில் பெரும்பாலோர் பள்ளத்து லயத்துக்காரர்கள். சதுப்பை ஒட்டிய நாற்பது கதவு வரிசை அது. சாயங்காலமானால் கொசு புகைபோல எழும். அந்த நாற்பது குடும்பங்களையும் குனோங் ராபாட் மலை தெரிகிற மேட்டுக்கு மாற்ற வேண்டும் என்று கந்தையா கேட்டுக்கொண்டே இருந்தார். தோட்டத்து மேனேஜர் துரை கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கம்பெனியின் ஏஜண்டு துரை வருஷத்துக்கு ஒருமுறை, அரை நாள் வருவார். அவர் தலையசைத்தால்தான் ஒரு தூண்கூட நட முடியும். ஏஜண்டு துரைக்கு நீண்ட பட்டியல் படிக்கப் பொறுமை கிடையாது. ஏதோ பத்திரிகையில் வட்டமாகப் போட்டுப் பங்கு பிரித்த படத்தை எங்கள் துரை பார்த்திருந்தார். அதைப்போல ஒரே தாளில், ஒரே வட்டத்தில் போட்டுக் கொடுங்கள், அவர் பார்ப்பார் என்றார். நாற்பது குடும்பங்களின் விதி ஒரு வட்டத்துக்குள் வந்து நின்றது இப்படித்தான்.

ஆஸ்பத்திரியில் பாகைமானி கிடையாது. என்னிடம் இருந்தது. ஈப்போவில் படித்த காலத்தில் பரிசாகக் கிடைத்த பித்தளைப் பாகைமானி. அவர் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். கேட்கவில்லை; நானும் நீட்டவில்லை. நேரே சாமான் கொட்டகைக்குப் போய், பால் மரத்தில் வெட்டுக்கோடு எந்தச் சரிவில் இறங்க வேண்டும் என்று குறிக்கிற முக்கோணத் தகரத் தகட்டை எடுத்து வந்தார். தாளில் ஒரு வட்டம் போட்டு, நடுவில் ஊசி குத்தி, தகட்டின் கூர் முனையை ஊசியில் வைத்துச் சுற்றிச் சுற்றிக் கோடு இழுத்தார். பன்னிரண்டாம் முறை தகடு புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. "பாருங்கோ அண்ணை, முப்பது பாகை. பன்னிரண்டு தகடு போட்டா வட்டம் நிறைஞ்சு போச்சு" என்றார். மரம் வெட்டுகிற தகரத்தில் கணக்குப் போடுகிறீரே, நாளைக்குப் பால் வாளியில் மருந்து கொடுப்பீரோ என்று கேலி செய்தேன். கொடுத்தாலும் குடிப்பார்கள் என்று சொல்லிச் சிரித்தார்.

போன வருஷம் இறந்தவர்கள் முப்பத்தாறு பேர். வட்டத்துக்கு முந்நூற்று அறுபது பாகை. ஆகவே ஒருவருக்குப் பத்து. ஒரு தகட்டுக்குள் மூன்று பேர். குளிர்காய்ச்சலில் போனவர்கள் இருபத்தொரு பேர். இருநூற்றுப் பத்துப் பாகை, ஏழு தகடு. வயிற்றுக்கடுப்பில் ஒன்பது பேர், மூன்று தகடு. மரம் விழுந்தும், பிரசவத்திலும், மற்ற வகையிலும் ஆறு பேர், இரண்டு தகடு. ஏழும் மூன்றும் இரண்டும் பன்னிரண்டு. இதற்கு மேல் ஒரு கணக்கும் இல்லை. மொத்தத்தில் எத்தனை பங்கோ வட்டத்திலும் அத்தனை பங்கு. துரைக்குக் காட்ட அந்த மூன்று கூறும் போதும். கந்தையா அத்தோடு நிறுத்தாமல் ஒவ்வொரு தகட்டையும் மூன்றாகக் கீறி, முப்பத்தாறு பேருடைய பெயரையும் பொடி எழுத்தில் எழுதினார். எதற்கு இந்த வீண் வேலை என்றேன். "ஒருத்தருக்குப் பத்துப் பாகை, அண்ணை. ஆரையும் நெருக்கி வைக்க ஏலாது" என்றார்.

அவர் எழுதிக்கொண்டிருந்தபோது பள்ளத்து லயத்து அஞ்சலை காய்ச்சலுக்கு மருந்து வாங்க வந்தாள். பால் வெட்டுகிறவள். அவள் கணவன் மாரிமுத்து அந்த இருபத்தொரு பேரில் ஒருவன். தாளைப் பார்த்து இது என்ன என்று கேட்டாள். எங்கள் ஆபீஸ் ஆட்களாயிருந்தால் உனக்கெதற்கு என்று விரட்டியிருப்போம். அவர் விளக்கினார். அவளுக்கு எழுத்துத் தெரியாது, தகடு தெரியும். பன்னிரண்டில் ஏழு தகடு காய்ச்சலுக்குப் போச்சா என்று அவளே சொன்னாள். பிறகு, "எங்க ஊட்டுக்காரரு இதுல எங்க இருக்காரு?" என்று கேட்டாள். கந்தையா அவள் விரலைப் பிடிக்காமல், பென்சில் முனையால் மாரிமுத்துவின் இடத்தைக் காட்டினார். இரண்டு கோட்டுக்கு நடுவே ஒடுங்கலான இடம். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருப்பது யார் என்று விசாரித்தாள். குப்புசாமி என்றதும், அவரும் இவரும் ஒரே கப்பல்ல வந்தவங்கதான் என்று சொல்லி, மருந்தை வாங்கிக்கொண்டு போனாள்.

இனி என் பங்கைச் சொல்ல வேண்டும்.

ஏஜண்டு துரை வருவதற்கு மூன்று நாள் முன்பு, பிழைப்பாரா மாட்டாரா என்றிருந்த இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு கந்தையா ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். தாளை என்னிடம் கொடுத்து, நல்ல கையெழுத்தில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள் என்று சொல்லிப் போனார். அன்று மத்தியானம் துரை என்னைக் கூப்பிட்டு, எண்ணிக்கை வேண்டாம், நூற்றுக்கு எத்தனை என்று போடு, பெரியவருக்கு அதுதான் பிடிக்கும் என்றார். போட்டேன். காய்ச்சல் ஐம்பத்தெட்டு, வயிற்றுக்கடுப்பு இருபத்தைந்து, மற்றவை பதினேழு. சரியாக நூறு. சந்தோஷமாக என் பித்தளைப் பாகைமானியை எடுத்தேன். தகரத்தை வைத்து வரைந்ததைத் துரை முன்னால் நீட்டுவதா என்று எனக்கு ஒரு கௌரவம். மையத்தில் வைத்து, ஐம்பத்தெட்டு என்ற இடத்தில் புள்ளி வைத்தேன். அடுத்து இருபத்தைந்து. அடுத்து பதினேழு.

நூற்றுக்கு ஐம்பத்தெட்டு வேறு, ஐம்பத்தெட்டு பாகை வேறு. நூறு பங்கையும் முந்நூற்று அறுபது பாகையில் விரித்துப் போட வேண்டும். ஒவ்வொரு பங்கையும் மூன்று புள்ளி ஆறால் பெருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய எனக்கு அது அன்று தோன்றவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் சுரைக்காய் ஊரையே கெடுத்தது. வட்டத்தில் இருநூற்று அறுபது பாகை வெறுமனே மீந்து நின்றது. பிழை என்று கத்திக்கொண்டே நின்ற வெற்றிடம் அது. நான் என்ன செய்தேன்? தாடையைத் தடவி யோசித்தேன். மூன்று கூறும் இறந்தவர்கள் என்றால், மீதி இருப்பது உயிரோடு இருப்பவர்களாகத்தானே இருக்க வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த வெள்ளைப் பரப்பில், கொடி வளைத்த ஆங்கில எழுத்தில், நலமாக இருப்போர் என்று எழுதினேன். என் ஆயுளில் அவ்வளவு அழகாக எதையும் எழுதியதில்லை.

ஏஜண்டு துரை பங்களா வராந்தாவில் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றதை நானே பார்த்தேன். முக்கால் வட்டம் வெள்ளை. காய்ச்சல் ஒரு சின்னக் கூறு. தகட்டுக் கணக்கில் ஏழு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுகூட இல்லை. ஆரோக்கியமான தோட்டம் என்று துரையின் தோளைத் தட்டினார். லயத்தை மாற்றும் பேச்சு வந்தபோது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கார் போய்விட்டது.

இரண்டு நாள் கழித்துக் கந்தையா திரும்பினார். கொண்டு போன இரண்டு பேரில் ஒருவரைத்தான் உயிரோடு கொண்டு வந்திருந்தார். குடையை மடக்கிச் சுவரில் சாத்திவிட்டு, ஆபீஸ் பிரதியைக் கேட்டு வாங்கி ஜன்னலோரம் நின்று பார்த்தார். முதலில் அவருக்குப் புரியவில்லை. தாளைத் திருப்பிப் பிடித்தார்.

"அண்ணை, இந்த வெள்ளைப் பக்கத்தில ஆர் இருக்கினம்?"

"உயிரோட இருக்குறவங்க" என்றேன்.

"செத்தவையின்ர வட்டத்துக்குள்ள உயிரோட இருக்கிறவைக்கு என்ன அலுவல்?"

குரலை உயர்த்தவில்லை. தெரியாத ஒன்றைக் கேட்பவர் போலத்தான் கேட்டார். அந்த ஒரு கேள்வியில் எனக்கு முழுக் கணக்கும் விளங்கிவிட்டது. விளங்கியதை அப்போதே வாய்விட்டுச் சொல்லியிருந்தால் இன்று நான் இதை எழுத வேண்டியதில்லை. பார்க்கலாம், துரை நல்ல மனநிலையில் இருக்கும்போது சொல்லலாம் என்றேன். ஒரு வாரம் போயிற்று. இன்னொரு வாரமும் போயிற்று. என் வீட்டில் ஐந்தாவது பிரசவத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தோம். வேலையோடு கிராணி வீடும் போனால் எங்கே போவது என்று பயம். அது ஒரு காரணம். மற்றக் காரணம், தகரத் தகடு சரி, பித்தளை தப்பு என்று துரை முன்னால் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. இரண்டில் எது பெரியது என்று இன்றைக்கும் என்னால் பங்கு பிரிக்க முடியவில்லை.

கடைசியில் கந்தையா தானே துரையிடம் போனார். துரை என்னையும் கூப்பிட்டனுப்பினார். மேஜை மேல் இரண்டு வட்டமும் கிடந்தன. துரை எங்கள் தமிழில்தான் பேசுவார். கங்காணிகளிடம் கற்றுக்கொண்ட தமிழ். "கிராணி, இந்தக் காகிதம் சரியா?" என்று என் வட்டத்தைத் தொட்டுக் கேட்டார். கந்தையா எனக்கு ஓர் அடி தள்ளி நின்றார். நான் சொன்னேன்:

"சரிதான் துரை."

அப்படியானால் டிரெஸ்ஸர் காயத்துக்குக் கட்டுப் போடுகிற வேலையைப் பார்க்கட்டும் என்று துரை முடித்துவிட்டார். வெளியே வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. கந்தையா என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசினால் எனக்கும் ஏதாவது திருப்பிச் சொல்ல இருந்தது. அவர் குடையை விரித்து, பாதியை என் பக்கம் சாய்த்தார். ஆபீஸ் வரைக்கும் அப்படியே நடந்தோம். அவருடைய இடது தோள் நனைந்துகொண்டே வந்தது.

அந்த மாதமே அவர் ஆஸ்பத்திரி வீட்டைப் பூட்டிவிட்டு, பள்ளத்து லயத்தின் கடைசி அறையில் கட்டிலைக் கொண்டு போய்ப் போட்டுக்கொண்டார். குளிர்காய்ச்சல் மருந்தான கொயினாவைக் கொடுத்தனுப்பினால் ஆட்கள் வாயில் அடக்கி வைத்திருந்து, சுவருக்குப் பின்னால் போய்த் துப்பிவிடுவார்கள், அத்தனை கசப்பு. அதனால் பொழுது சாயும் நேரத்தில் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, மருந்தை ஊற்றியதும் ஒவ்வொருவரையும் தங்கள் பெயரைச் சொல்லச் சொல்வார். "விழுங்கினவைதான் பேர் சொல்லுவினம்" என்பார். வாயில் மருந்தை வைத்துக்கொண்டு பெயர் சொல்ல முடியாதே. ஆபீஸ் ஜன்னலைத் திறந்தால் பள்ளத்திலிருந்து அந்தப் பெயர்கள் ஒவ்வொன்றாக ஏறி வரும். முனியன். தைலம்மை. அஞ்சலை. நான் ஜன்னலைச் சாத்திவிடுவேன்.

கொயினா கொஞ்சம் பேரைக் காத்தது. மழைக்காலம் அதைவிட அதிகம் பேரைக் கொண்டு போயிற்று. இந்த வருஷப் பட்டியலில் பதினேழாவது பெயர் அஞ்சலை. அந்தப் பெயரை என் புத்தகத்தில் எழுத வந்தபோது கந்தையாவுக்கே காய்ச்சல் கண்டிருந்தது. சிவப்பு மையால் தாம் போட்ட கட்டத்தில் 'பள்ளத்து லயம்' என்று எழுதும்போது பக்கத்துக் கட்டத்தில் மை ஒழுகிவிட்டது. மன்னியுங்கோ அண்ணை, உங்கட புத்தகம் அழுக்காப் போச்சு என்றார். என்னிடம் அவர் மன்னிப்புக் கேட்டார்.

அவர் இறப்பதற்கு ஐந்து நாள் முன்பு, அவரைச் சேர்த்திருந்த ஜில்லா ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். கண்ணும் தோலும் மஞ்சளாகிக் கிடந்தார். வழியெல்லாம் மனப்பாடம் செய்து கொண்டு போயிருந்தேன்: கந்தையா, நான் தெரிந்தே பொய் சொன்னேன். கட்டிலருகே உட்கார்ந்ததும் வாய் வேறு எதையோ பேசியது. ஈப்போவில் ஆரஞ்சு நன்றாக வந்திருக்கிறது, அடுத்த தடவை வாங்கி வருகிறேன் என்றேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பட்டியல் இப்போது எத்தனை என்று விசாரித்தார். முப்பத்தெட்டு என்றேன். கண்ணை மூடினார். தூங்கிவிட்டார் என்று எழுந்தேன். "அப்ப ஒருத்தருக்கு ஒன்பதரைதான் வருது" என்றார். "ஆக்கள் கூடக் கூட ஒவ்வொருத்தருக்கும் இடம் ஒடுங்குது, அண்ணை." அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். ஆரஞ்சு வாங்க அவசியமில்லாமல் போயிற்று.

யானைக்கும் அடி சறுக்கும் என்று எனக்கு ஆறுதல் சொல்ல வராதீர்கள். சறுக்கியது பாகைமானி வைத்த அன்று. அது மன்னிக்கக்கூடியது. "சரிதான் துரை" என்றபோது எனக்குக் கால் சறுக்கவில்லை. திடமாக நின்றுகொண்டுதான் சொன்னேன்.

முனுசாமி செய்தி சொல்லிப் போன அன்று, பாதியில் நின்ற கணக்கை மறுபடி எடுத்தேன். தோட்ட உத்தியோகஸ்தர்களைக் கூலியாட்களின் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்பது விதி. நான் சேர்த்தேன். நாற்பதாவது வரியில் கந்தையா, வயது முப்பத்திரண்டு, குளிர்காய்ச்சல், பள்ளத்து லயம். கட்டம் அவர் போட்டது. அதன் பிறகு முந்நூற்று அறுபது சுத்தமாக வகுபட்டது. ஒருவருக்கு ஒன்பது பாகை. மீதியில்லை. நான் மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். குட்டிக் கிராணி பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார்.

அவருடையவை என்று என்னிடம் இருப்பவை மூன்று: முனை மழுங்கிய அந்தத் தகரத் தகடு, முப்பத்தாறு பெயர் எழுதிய பழைய தாள், யாரும் கேட்காததால் என் ஆபீஸ் சுவரில் சாத்தியிருக்கும் குடை. பித்தளைப் பாகைமானியைச் சதுப்பில் எறிந்துவிட்டேன். புதிய தாளைத் தகட்டை வைத்தே வரைந்திருக்கிறேன். ஒன்பது பாகைக்கு அது வசப்படாது, நூல் பிடித்து, அழித்து அழித்து மூன்று நாளாயிற்று. நாற்பது பெயரும் இருக்கிறது. வெள்ளைப் பக்கம் எதுவும் இல்லை.

வரும் திங்கட்கிழமை ஏஜண்டு துரை மறுபடி வருகிறார். பள்ளத்து லயத்தில் இன்றைக்கும் இருபத்தொன்பது அடுப்பு எரிகிறது. இரண்டு வருஷத் தாளையும் எடுத்துக்கொண்டு பங்களாவுக்குப் போவேன். ஆனால் என்னை எனக்குத் தெரியும். துரை என் முகத்தைப் பார்த்து, கிராணி, போன வருஷக் காகிதம் சரியா என்று கேட்பார். தனியாக நின்றால் என் வாய் பழையபடி சரிதான் துரை என்று சொல்லிவிடும். கந்தையாவை நேசித்தவர்கள் யாராவது ஒருவர் அன்று காலை ஒன்பது மணிக்கு வந்து என் பக்கத்தில் நில்லுங்கள். பேச வேண்டியதில்லை. ஓர் அடி தள்ளி, அவர் நின்ற இடத்தில் நின்றால் போதும்.